தானே திறக்கும் கணினி: யார் பெயரில் திறக்கிறது?

(கடலூர் மாவட்ட ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரை)



கடலூர், சிதம்பரம் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உங்களில் பலர் பள்ளியின் கணினி ஆய்வகத்தையும் சேர்த்துக் கவனிப்பவர்கள். இருபது கணினிகளிலும் கடவுச்சொல் அடித்து முடிப்பதற்குள் பாடவேளையில் கால்பங்கு போய்விடும். அதனால்தான் ஒரு கணினியை முழுமையாகத் தயார் செய்து, அதன் பிரதியான 'இமேஜை' மற்ற கணினிகளில் ஏற்றுகிறோம். கணினி தானாகவே உள்நுழையும்படியும் வைக்கிறோம்.

நானும் அப்படித்தான் வைத்தேன். முதல் இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் நல்ல மழை. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. அதன்பின் எல்லாக் கணினிகளும் கடவுச்சொல் கேட்டு நின்றன. வைரஸ் என்று நினைத்து இமேஜை மறுபடி ஏற்றினேன். ஒரே வாரத்தில் பழைய கதைதான்.

காரணம் வைரஸ் அல்ல. விண்டோஸை நிறுவும்போது கொடுக்கும் விடைக்கோப்பில், எத்தனை முறை தானாக உள்நுழையலாம் என்று 5 என எழுதியிருந்தேன். கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண் ஒன்று குறையும். பூஜ்யமானதும் விண்டோஸே அந்த வசதியை நிறுத்திவிடும். மின்வெட்டு அதை விரைவுபடுத்தியது, அவ்வளவுதான்.

இப்படி நேர்ந்தால் ரெஜிஸ்ட்ரியில் 'வின்லாகன்' பகுதியைத் திறந்து பாருங்கள். 'ஆட்டோலாகன்கவுண்ட்' இருந்தால் நீக்குங்கள். 'ஆட்டோஅட்மின்லாகன்' மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியா என்று பாருங்கள். 'டிஃபால்ட்டொமைன்நேம்' இடத்தில் முதல் கணினியின் பெயரே தங்கியிருந்தால், பெயர் மாற்றிய மற்ற கணினிகளில் உள்நுழைவு தடைபடலாம். தொடக்கத்தில் அறிவிப்புப் பெட்டி ஏதும் வைத்திருந்தால், யாராவது 'ஓகே' அழுத்தும்வரை கணினி காத்திருக்கும். லினக்ஸ் என்றால், உள்நுழைவுத் திரையின் அமைப்புக் கோப்பில் எழுதிய பயனர் பெயரில் அந்தக் கணினியில் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எதுவானாலும், முதலில் ஒரு கணினியில் மட்டும் ஏற்றி, பத்து முறையாவது அணைத்துப் போட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றுக்குப் போங்கள்.

நான் செய்த இன்னொரு தவற்றையும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் சரிசெய்த மகிழ்ச்சியில் இருந்தபோது எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்து, "சார், உங்க பாஸ்வேர்டு இதுதானே?" என்று மெதுவாகக் கேட்டான். சரியாகச் சொன்னான். நான் தானாகத் திறக்கவிட்டது நிர்வாகியின் கணக்கு. ரெஜிஸ்ட்ரியில் எழுதிய கடவுச்சொல் அப்படியே படிக்கும்படி கிடக்கும். இருபது கணினியிலும் அதே சொல். எமிஸ் தளத்துக்கும் நான் அதையே வைத்திருந்தேன்! அவனைத் திட்டவில்லை, நன்றி சொன்னேன். அவன் என்னிடம் வந்து சொல்லாமல் இருந்திருந்தால், மாணவர் விவரங்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

ஆகவே, தானாகத் திறப்பது 'மாணவர்' என்ற சாதாரணக் கணக்காக மட்டும் இருக்கட்டும். அதன் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள். எமிஸ் பணி நடக்கும் கணினியில் இந்த வசதியே வேண்டாம். நாளை பள்ளிக்குச் சென்றதும், உங்கள் ஆய்வகக் கணினிகள் யார் பெயரில் திறக்கின்றன என்று முதலில் பாருங்கள்.