சுவரில் வழியும் கருமை



ஹேடோ துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கி மேட்டுச் சாலையில் நடந்தால், கடைக் கட்டடங்கள் பலவற்றின் நெற்றியிலிருந்து கரிய தாரைகள் வழிந்து நிற்பதைக் காணலாம். புகையும் தூசியும் படிந்த அழுக்கு என்றே பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அஃது அழுக்கன்று; உயிர். நீலப்பச்சைப் பாசி என்னும் நுண்ணுயிர், வெயிலின் கொடுமைக்குத் தப்பக் கருநிற உறையொன்றைப் போர்த்துக்கொண்டு சுவரில் குடியிருக்கிறது.

இத்தீவுகளில் அதற்கு என்ன குறை? ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை விடுவதில்லை. பாசி பிடித்த இடத்தில் தூசி தங்கும்; தூசியில் பறவையிட்ட விதை முளைக்கும். 2018-இல் நேதாஜியின் பெயர் பெற்ற ராஸ் தீவில், பழைய ஆட்சி மாளிகைகளை மர வேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் காட்சியைக் கண்டோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

நான் அறிந்த கடைக்காரர் ஒருவர், கருமை ஒழியட்டும் என்று உயர் அழுத்த நீர் பாய்ச்சும் இயந்திரத்தை வரவழைத்தார். ஒரே நாளில் சுவர் வெளுத்தது. உடன் வர்ணமும் பெயர்ந்தது. காரையில் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. அடுத்த மழையில் உட்சுவர் ஓதம் காத்தது. கடற்காற்றின் உப்பு அவ்வழியே புகுந்து கம்பியைத் தொட்டால், துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டையே பிளந்துவிடும். பாசியோ, நுண்துளைகளில் எஞ்சியிருந்தது மீண்டும் தழைத்தது.

ஆகவே சுவரைத் தாக்காமல் பாசியைக் கொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 10 விழுக்காடு வலிமையுடையதாயின், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்துச் சிறிது சோப்புக் கரைசலையும் கலந்துகொள்ளலாம். முதலில் மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நன்று. தோட்டத் தெளிப்பானின் மெல்லிய வீச்சே போதும். கீழிருந்து மேலாகத் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, உலருமுன் மேலிருந்து கீழாக நல்ல நீரால் அலச வேண்டும். கிணற்று நீர் உப்பாயிருந்தால் அது ஆகாது. கண்ணாடியும் கையுறையும் அணிவது கட்டாயம். கறை போகவில்லையே என்று இதனுடன் அமிலத்தைக் கலப்பவர் உண்டு. அதிலிருந்து எழும் குளோரின் வாயு உயிரையே வாங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. கோடையில் குடிநீருக்கு நாம் தானிக்காரி அணையையே பெரிதும் நம்பியிருக்கிறோம். மழைநீரைத் தொட்டியில் பிடிப்போரும் பலர். தெளிக்குமுன் தொட்டிக்குச் செல்லும் குழாயைக் கழற்றிவிட வேண்டும். சுவரோரச் செடிகளை வெறும் நீரால் நன்கு நனைத்துவைத்தால் மருந்தின் வேகம் குறையும். அலசிய நீர் சரிவில் இறங்கிக் கடலையே சேரும். ஆதலின் மருந்தை வேண்டிய அளவுக்கு மேல் ஒரு குவளையும் கரைக்கலாகாது.

நம் முன்னோர் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடித்தது அழகுக்கு மட்டுமா? புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பாசி பிழைப்பதில்லை. இங்கும் மழை ஓயும் தை மாதமே இவ்வேலைக்கு ஏற்ற காலம். கழுவும் அன்று ஏணியில் ஏறியவர், கூரை விளிம்பில் நீர்த்தாரை எங்கே ஒழுகுகிறது என்பதையும் பார்த்து அடைத்துவிட்டு இறங்கட்டும். கரிய தாரை தொடங்கும் இடம் பெரும்பாலும் அதுவே.