பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டை யார் பார்ப்பது?

(இளைஞர் கூட்டத்தில் நமது ஐ.டி. விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



நான் இன்ஜினியரிங் முடிச்சவன். மேடைப் பேச்சு அவ்வளவா வராது, கணக்கு வரும். அதனால ஒரு கணக்கோட ஆரம்பிக்கிறேன்.

உங்க ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில 90 பிள்ளைங்க படிக்கிறாங்கன்னு வைங்க. சமக்ர சிக்‌ஷா விதிப்படி 31 முதல் 100 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதை 220 வேலை நாளால வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்குச் சுமார் 114 ரூபாய்! பதிவேடு, ஆய்வகப் பொருள், உடைஞ்ச குழாய், பழுதான சுவிட்ச் எல்லாத்தையும் இதுக்குள்ளதான் பார்க்கணும். இதுல 10 சதவீதமாவது தூய்மைக்கு ஒதுக்கணும். அது 2,500 ரூபாய்.

இந்தப் பணம் பத்தாது. அதைக் கேட்டு வாங்குறது தனிப் போராட்டம். ஆனா வர்ற பணமாவது சரியான இடத்துல செலவாகுதா?

நான் எட்டாவது படிக்கும்போது எங்க பள்ளியில மோட்டார் எரிஞ்சு போச்சு. கழிப்பறையில தண்ணி இல்ல. பெண் பிள்ளைங்க காலையில இருந்து தண்ணியே குடிக்காம உட்கார்ந்திருப்பாங்க. எங்க அக்கா மாசத்துல நாலு நாள் பள்ளிக்கே போகமாட்டா. கணக்குப் பாடத்துல அவ பின்தங்கினது அங்கேதான். அதே வருஷம் மார்ச் மாசம் பள்ளிக்குப் புது பெயின்ட் அடிச்சாங்க!

அந்த ஹெச்.எம். ஒரு பைசா எடுத்தவர் இல்லை. நல்ல மனுஷன். அவருக்கு இருந்தது ஆடிட் பயம். மோட்டார் வாங்கினா மூணு விலைப்புள்ளி வாங்கணும், இருப்புப் பதிவேட்டுல ஏத்தணும், ஏன் வாங்கினீங்கன்னு கேள்வி வரும். பெயின்ட்டுக்கு எவனும் கேள்வி கேக்க மாட்டான். மார்ச் 31-க்குள்ள செலவழிக்கலைன்னா பணம் திரும்பிப் போயிடும்னு வேற பயம்.

யோசிச்சுப் பாருங்க. இருபது வருஷம் பாடம் நடத்தினவர் பணி மூப்புல ஹெச்.எம். ஆகிறார். மறுநாளே ரொக்கப் பதிவேடு, வவுச்சர், பயன்பாட்டுச் சான்று எல்லாம் அவர் தலையில. பி.எட்.-ல அவருக்குப் பாடம் நடத்தத்தான் சொல்லிக் கொடுத்தாங்க, பட்ஜெட் போட இல்லை. தப்பு அவர் மேல மட்டும் இல்லை.

நாம கேட்க வேண்டியது மூணு:

👉 பொறுப்பேற்கும் முன்பே ஒவ்வொரு ஹெச்.எம்.-க்கும் நிதி நிர்வாகத்தில் நேரடிப் பயிற்சி.
👉 சின்னப் பள்ளிகள் நாலைந்துக்குச் சேர்த்தாவது ஒரு கணக்கு உதவியாளர்.
👉 மானியம் கல்வியாண்டு தொடங்கும்போதே, ஜூனில் வர வேண்டும்.

இப்போ உங்க பங்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு வெச்சிருக்கு. அதுல நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகுதுன்னு கண்காணிக்கிறது சட்டப்படி அந்தக் குழுவோட வேலை. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கிறதும் அவங்கதான். ஆனா பல ஊர்ல நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்து போடுவோம், முடிஞ்சது!

அடுத்த கூட்டம் எப்போன்னு நாளைக்கே கேளுங்க. போய் உட்காருங்க. எவ்வளவு வந்துச்சு, எதுக்குப் போச்சு, பிள்ளைங்களுக்கு முதல்ல எது வேணும்னு கேளுங்க. மிரட்ட வேண்டாம், மரியாதையா கேளுங்க. பெற்றோர் பக்கத்துல நின்னா ஹெச்.எம்.-க்கும் தைரியம் வரும். பெயின்ட்டுக்கு முன்னாடி மோட்டார் வாங்குவார்.

பிள்ளையோட ரேங்க் கார்டைப் பார்த்துட்டுத்தானே கையெழுத்து போடுறோம்? பள்ளிக்கூடத்தோட வரவு செலவையும் அப்படியே பாருங்க.



#பள்ளி_மேலாண்மைக்_குழு #அரசுப்பள்ளி