சேதி போய்ச் சேர்ந்ததா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தகவல் தொடர்பியல் படிப்பைப் பற்றியும் அதைப் படித்தால் கிடைக்கும் வேலைகளைப் பற்றியும் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் பணித்தார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் இதே விஷயத்தை எங்கள் ஊர் மணப்பட்டில் ஒரு அண்ணன் டீக்கடையில் வைத்து என்னிடம் கேட்டபோது நான் திணறிப் போனேன். அவர் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "தம்பி, பொண்ணு விஸ்காம்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. கல்யாண வீட்டுல வீடியோ எடுக்கறதுக்கு எதுக்குப்பா மூணு வருஷம் காலேஜு? நர்சிங் சேத்தா ஒரு வேலை நிச்சயம். இதுல என்னா நிச்சயம்?" என்றார். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்கள் முன் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் நம் மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. பாகூருக்குக் கல்லூரி புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாயைக் கொடுத்தார்கள். அதைச் சொல்வது பாகூர்ச் செப்பேடு. அதில் ஒரு பகுதி சமஸ்கிருதம், ஒரு பகுதி தமிழ். அரசர் பரம்பரையின் புகழ் வடமொழியில் இருக்கிறது. எந்த ஊர், எது எல்லை, யாருக்கு என்ன உத்தரவு என்ற நடைமுறை விவரம் தமிழில் இருக்கிறது. நிலத்தில் இறங்கி எல்லை பார்க்கப் போகிறவனுக்கு அவன் பாஷையில் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. யாருக்குச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்வதுதான் இந்தப் படிப்பின் முதல் பாடம்.

இரண்டாவது பாடத்துக்குப் புதுச்சேரி நகரத்துக்குப் போக வேண்டும். 1908-ல் பாரதியார் சென்னையிலிருந்து இங்கே வந்தார். 'இந்தியா' வாரப் பத்திரிகை இங்கிருந்து வெளிவந்தது. கட்டுரை மட்டுமல்ல, கேலிச் சித்திரமும் போட்டார்கள். எழுத்தில் குறை இல்லை, படத்தில் குறை இல்லை. ஆனால் பிரிட்டிஷ் எல்லைக்குள் பத்திரிகை நுழையக் கூடாது என்று தடை வந்தது. வாசகர்கள் பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான். 1910-ல் பத்திரிகை நின்றுபோனது. எழுதுவது பாதி வேலை, அது போய்ச் சேருவது மீதிப் பாதி.

மூன்றாவது பாடம் நம் கடற்கரையிலேயே நடந்தது. இங்கே இருக்கும் மாணவர்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாக வைத்துப் புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஊரார் இடம் கொடுத்தார்கள், ஊர்க்காரர்களே நடத்தினார்கள். வீராம்பட்டினம் மாதிரி மீனவர் ஊர்களில் கடலில் அலை எவ்வளவு உயரம் வரும் என்ற தகவல்தான் முக்கியம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அது கிடைத்தது. அதை எடுத்துத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலை பின்னுகிறவரும் மீன் காயவைக்கிறவரும் இருந்த இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். படிக்கத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு பத்திரிகையும் இந்தத் திட்டத்தில் வந்தது.

நமக்கு வடக்கே இருக்கும் நல்லவாடு கிராமத்திலும் இப்படி ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29-க்கு சுமத்ரா அருகே கடலடியில் பூகம்பம். அலை நம் கரையைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நம் கரைக்கு யாரும் முறையாகச் சொல்லவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது. ஐதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் எச்சரிக்கை மையம் 2007-ல்தான் வந்தது.

நல்லவாட்டுக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். டி.வி.யில் செய்தி பார்த்தார். உடனே வீட்டுக்குப் போன் போட்டார். இங்கே கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்றார்கள். எல்லோரும் வெளியேறுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள்.

மாணவர்களே, இதைப் பாடமாகப் பிரித்துப் பாருங்கள். சிங்கப்பூர்க்காரர் செய்தியைப் பார்த்ததோடு நிற்கவில்லை, இது என் ஊருக்கு என்ன ஆகும் என்று யோசித்தார். அது செய்தியாளன் புத்தி. ஊரில் இருந்த கருவி வேலை செய்தது, ஏனென்றால் அதைத் தினமும் பயன்படுத்தி வந்தார்கள். அது தொழில்நுட்பம். மூன்றாவதுதான் பெரியது. ஒலிபெருக்கி சொன்னதும் ஜனங்கள் ஓடினார்கள். பல வருஷமாக அலை உயரத்தை ஒழுங்காகச் சொல்லி வந்த குரல் அது. பொய் சொல்லாத குரல் என்று தெரியும். அந்த நம்பிக்கையை அன்றைக்குக் காலையில் புதிதாகச் சம்பாதிக்க முடியாது.

நம்பிக்கை எப்படிப் போகும் என்று எனக்கு என் தொழிலே சொல்லிக்கொடுத்தது. ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருஷம். மின்தடை அறிவிப்பில் கிழமையைத் தப்பாகப் போட்டுவிட்டேன். மறுநாள் ஒரு மாவு மில்காரர் போன் செய்தார். "சார், உங்க பேப்பரப் பாத்துட்டு ஊருக்கே இன்னிக்கு அரைச்சித் தர்றேன்னு சொன்னேன். கரண்ட்டு இல்ல. ஊறவெச்ச அரிசியெல்லாம் புளிச்சிப் போச்சு. யாரு சார் பதில் சொல்றது?" எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு வரி அறிவிப்புத்தான். அன்று முதல் தேதியையும் கிழமையையும் காலண்டரோடு ஒத்துப் பார்க்காமல் நான் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை.

இப்போது படிப்புக்கு வருகிறேன். கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன், பி.எஸ்சி. எலக்ட்ரானிக் மீடியா, பி.ஏ. இதழியல் என்று பல பெயர்கள். உள்ளே இருப்பது ஏறக்குறைய இவைதான்: செய்தி சேகரித்தல், எடிட்டிங், புகைப்படம், ஒலிப்பதிவு, வீடியோ தயாரிப்பு, பக்க வடிவமைப்பு, விளம்பரம், மக்கள் தொடர்பு, ஊடகச் சட்டம், ஆய்வு முறை. ஆக, கேமரா ஒரு பாடம்தான். கல்யாண வீடியோ எடுப்பதையும் நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். நல்ல கையும் நல்ல பேரும் இருந்தால் ஒரு குடும்பம் அதில் கௌரவமாகப் பிழைக்கலாம்.

வேலை எங்கே? பத்திரிகையும் தொலைக்காட்சியும் எல்லோருக்கும் தெரிந்த வாசல்கள். அவற்றைத் தவிர வானொலி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் 'புதுவை வாணி', பாம்பனில் மீனவர்களுக்காகவே 2016-ல் தொடங்கிய 'கடல் ஓசை' போன்ற சமுதாய வானொலிகளும் உண்டு. விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதலாம், வடிவமைக்கலாம். சினிமாவில் எடிட்டிங், ஒலி, ஒளிப்பதிவு. ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, தொண்டு நிறுவனம் எல்லாவற்றுக்கும் இன்று மக்கள் தொடர்புக்கு ஆள் வேண்டும். அரசுப் பக்கம் யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு மூலம் இந்தியத் தகவல் பணிக்குப் போகலாம். மேலே படித்து நெட் தேர்வு எழுதினால் ஆசிரியர் ஆகலாம். மேல்படிப்புக்கு டில்லியில் ஐ.ஐ.எம்.சி., புனேயில் திரைப்படக் கல்லூரி, சென்னையில் ஏ.சி.ஜே., பக்கத்திலேயே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம்.

பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கசப்பையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்பச் சம்பளம் குறைவு. நேரம் காலம் கிடையாது, பொங்கல் தீபாவளியிலும் வேலை இருக்கும். சான்றிதழை மட்டும் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள், "என்ன செஞ்சிருக்கே, காட்டு" என்பார்கள். டிகிரி இல்லாதவரும் செல்போனை வைத்துக்கொண்டு உங்களோடு போட்டிக்கு வருவார். தலைப்பு எழுதுவதையும் மொழிபெயர்ப்பதையும் இப்போது கம்ப்யூட்டரே செய்கிறது. ஆனால் மாவு மில்காரருக்கு அது பதில் சொல்லாது. போய்ப் பார்த்து, கேட்டு, சரிபார்த்து, கீழே தன் பேரைப் போடுகிற ஆளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

சேர விரும்புகிறவர்களுக்கு நான்கு யோசனைகள். ஒன்று, கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கேமராவும் ஒலிப்பதிவு அறையும் மாணவர் கையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இருக்கும் என்று கேளுங்கள். படித்து முடித்தவர் இரண்டு பேரிடம் பேசுங்கள். இரண்டு, தமிழைப் பிழையில்லாமல் எழுதுங்கள், ஆங்கிலத்தைப் பயப்படாமல் படியுங்கள். மூன்று, கூடவே இன்னொரு விஷயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கடல், விவசாயம், சட்டம், கணக்கு, எதுவாகவும் இருக்கலாம். கட்டுமரத்துக்காரரிடம் வடக்கிலிருந்து காற்று என்பதை விட வாடைக்காத்து என்றால் சட்டென்று புரியும். அது தெரிந்த பிள்ளை நம் ஊரில்தான் இருக்கிறது. நான்கு, முதல் வருஷத்திலிருந்தே மாதம் ஒரு வேலையாவது முழுசாகச் செய்து சேர்த்துவையுங்கள். பாகூர் ஏரியைப் பற்றி ஐந்து நிமிட ஒலிப்பதிவு போதும்.

முன்னாள் மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்களில் அச்சகம் வைத்திருப்பவர் உண்டு, ஸ்டுடியோ வைத்திருப்பவர் உண்டு, பத்திரிகையில், வங்கியில், ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் உண்டு. சென்னையில் சொந்தக்காரர் உள்ள பிள்ளைக்கு ஒரு மாதப் பயிற்சி சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. மணப்பட்டுப் பிள்ளைக்கும் குருவிநத்தம் பிள்ளைக்கும் யாரைக் கேட்பது என்றே தெரிவதில்லை. ஆளுக்கு ஒரு மாணவருக்கு ஒரு மாதம் இடம் கொடுங்கள். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தால் புண்ணியம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்று சாயங்காலமே செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.

கடைசியாக அந்த அண்ணனுக்கு என் பதில். "அண்ணே, நிச்சயம்னு நான் சொல்லல. நர்சிங் நல்ல படிப்பு, பொண்ணு அதக் கேட்டா அதுல சேருங்க. ஆனா இதத்தான் படிப்பேன்னு சொல்லுதுன்னா, ஒரு வாரம் அத எங்கூட அனுப்புங்க. வேலை எப்படி இருக்கும்னு பாக்கட்டும். வெயில்ல அலைஞ்சி, நாலு பேருகிட்ட கேட்டு, எழுதினத அடிச்சித் திருத்தி எழுதச் சொன்னா முகம் சுளிக்குதான்னு பாப்போம். சுளிக்கலன்னா சேத்துவிடுங்க." நாளைக்குக் காலையில் டீக்கடைக்குப் போய் இதைச் சொல்லப் போகிறேன். அவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை அடுத்த கூடலில் உங்களுக்குச் சொல்கிறேன்.