கருவிலேயே தொடங்கும் கவனம்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் கொழுந்தெடுத்த கைகளால் வளர்க்கப்பட்டவர்கள். ஆகவே பூண்டுலோயா மலைகளில் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

வீட்டில் இளங்கொடி என்பதைப் பாடசாலையில் சூல்வித்தகம் என்று படித்தோம். தாய்க்கும் சேய்க்கும் நடுவே அது ஒரு காவல். அந்தக் காவலுக்கும் எல்லை உண்டு என்பதை ஜப்பானின் மினமாட்டா காட்டியது. தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீனில் சேர்ந்தது. 1956இல் நோய் வெளிப்பட்டது. பெரிதாக நோய் தெரியாத தாய்மாருக்கும் கடுமையான மூளைப் பாதிப்புடன் பிள்ளைகள் பிறந்தன.

நமக்கு இன்னும் நெருக்கமானது கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு. அங்கே வயல்களில் வேலை செய்வோர் பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்த குடும்பத்தினர். 1999இல் தொடங்கிய ஆய்வில், கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஒகனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் எச்சத்தை அளந்தார்கள். எச்சம் மிகக் கூடியிருந்த தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைந்திருந்தோரின் பிள்ளைகளைவிட, ஏழு வயதில் நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாக 7 புள்ளிகள் பின்தங்கியிருந்தனர்.

தேயிலையில் அதிகம் அடிப்பது களைகொல்லி. அது வேறு வகை. நம் பிள்ளைகளின் பின்னடைவுக்கு இரத்தசோகை, போஷாக்கின்மை, அடுப்புப் புகை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் எந்த மருந்தானாலும் கருவிலிருக்கும் பிள்ளைக்கு அது தேவையில்லை. மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களில் மூடிவிடும். முழுகாமல் இருப்பது தெரிந்து, கிளினிக்கில் பதியும் முன்பே அது நடந்துவிடுகிறது.

மருந்தடிப்பவர் பெரும்பாலும் ஆண். ஆனால் மருந்து நனைந்த உடுப்பைப் பீலியில் துவைப்பவர் யார்? அவரது மனைவிதான். எந்தப் பதிவிலும் வராத வேலை அது.

தடுக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் குளோர்பைரிபொஸ் என்ற மருந்தை வீடுகளில் பாவிப்பது 2001 அளவில் நிறுத்தப்பட்டது. அதன்பின் நியூயோர்க்கில் பிறந்த பிள்ளைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் அது வெகுவாகக் குறைந்தது. முன்பு அந்த மருந்தோடு சேர்ந்து காணப்பட்ட எடைக்குறைவும் அதன்பின் காணப்படவில்லை.

நம்மில் ஆசிரியைகள், குடும்ப நல உத்தியோகத்தர்கள், தோட்ட அலுவலகத்தில் இருப்போர் உண்டு. கிளினிக்கில், "வீட்டில் மருந்தடிப்பவர் யார்?" என்று கேட்போம். மருந்தடித்தவர் குளித்து உடுப்பு மாற்றிய பிறகே காம்பராவுக்குள் வரட்டும். அந்த உடுப்பை அவரே தனியாகத் துவைக்கட்டும். அதற்கான இடமும் சவர்க்காரமும் கையுறையும் நிர்வாகம் தரவேண்டும். கர்ப்பிணிகளை மருந்தடித்த மலைக்கு அனுப்பக்கூடாது. அதற்காக அவர்கள் பேர் குறையவும் கூடாது. காலி மருந்துக் கலனில் தண்ணீர் பிடிக்க வேண்டாம்.

வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையை "மந்தம்" என்று ஒதுக்காமல், வைத்தியரிடம் அனுப்புங்கள். தாயைக் குறை சொல்லாதீர்கள். அவள் சுவாசித்த காற்றை அவள் தெரிந்தெடுக்கவில்லை.

நம் பாடசாலையின் அடுத்த நூற்றாண்டுக்கு வரப்போகும் பிள்ளைகள் முழு மூளை வளர்ச்சியோடு வந்து சேரட்டும். அதற்கு நாம் துணை நிற்போம்.