சிவப்பு மையிட்ட தெருக்கள்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் அடமானக் கடன் விஷயமாகும். எங்கோ ஒரு தேசத்தில் யாருக்குக் கடன் கிடைத்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். ஆனால், பிறவியைக் கொண்டு மனிதனைத் தாழ்த்தும் கொடுமை மதத்தின் பேரால் மட்டுமல்ல, கணக்கின் பேராலும் நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி கிடையாது.

1933-இல் அமெரிக்க சர்க்கார் வீட்டுக்காரர்களைக் கடனிலிருந்து காப்பாற்ற ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்திற்று. அது 200-க்கு மேற்பட்ட நகரங்களுக்குப் படம் வரைந்து, நல்ல இடத்திற்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், பிறகு மஞ்சள், கடன் கொடுத்தால் ஆபத்து என்ற இடத்திற்குச் சிவப்பு என்று வர்ணம் தீட்டியது. கறுப்பு மக்கள் வாழ்ந்த தெருக்களுக்கு ஏறக்குறைய எங்கும் சிவப்புத்தான். 1934-இல் ஏற்பட்ட வீட்டுக்கடன் இலாகாவோ, கடன் திரும்பாவிட்டால் பாங்குக்குத் தானே ஈடு செய்வதாக உறுதி கொடுத்தது. அந்த உறுதியால் வெள்ளைத் தொழிலாளி சொற்ப முன்பணத்தில், நீண்ட தவணையில் வீட்டுக்குச் சொந்தக்காரனானான். கறுப்பர் தெருவுக்கு மட்டும் உறுதி கிடையாது.

1941-இல் டெட்ராய்ட் நகரில் நடந்ததைக் கேளுங்கள். வெள்ளையருக்கு வீடு கட்ட வந்த ஒருவரின் மனை கறுப்பர் குடியிருப்புக்கு அருகில் இருந்ததால் இலாகா மறுத்துவிட்டது. அவர் இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரம், அரை மைல் நீளம் ஒரு சுவர் எழுப்பினார். உடனே உறுதி கிடைத்துவிட்டது! சுவரின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது.

யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் கதியும் இதுவே. 1947-இல் மிசிசிப்பி மாகாண நகரங்களில் எடுத்த ஒரு கணக்கில், சர்க்கார் உறுதியோடு சிப்பாய்களுக்குக் கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு!

பாங்கு கைவிட்டவர்களை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சிகாகோவில் கறுப்பர்களுக்கு இரட்டை விலைக்கு வீட்டைத் தவணையில் விற்றார்கள். கடைசித் தவணை கட்டும்வரை கிரயப் பத்திரம் இல்லை. ஒரு தவணை தவறினாலும் வீடும் போயிற்று, கட்டிய பணமும் போயிற்று.

"இது துவேஷமல்ல, வியாபாரம், அங்கே வீட்டின் விலை இறங்குகிறது" என்றார்கள். விலை ஏன் இறங்கிற்று? கடன் இல்லாததால் வாங்குவார் இல்லை; கூரையைச் செப்பனிடப் பணமில்லை. கிணற்றுக்கு வரும் ஊற்றை அடைத்துவிட்டு, தண்ணீர் இல்லாத கிணறு என்று பழிப்பது என்ன யோக்கியதை என்று கேட்கின்றோம்.

சட்டம் வந்தது, சும்மா வரவில்லை. 1968 ஏப்ரல் 4-இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழு நாள் கழித்துத்தான், வீட்டு விற்பனையிலும் கடனிலும் நிறபேதம் குற்றம் என்ற சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். ஆனால் அதை நடத்தும் இலாகாவுக்குச் சமாதானம் பேசத்தான் அதிகாரம் இருந்தது. சட்டத்திற்குப் பல் முளைக்க 1988 வரை ஆயிற்று.

இதற்கிடையில் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. சிகாகோவில் கேல் சின்கோட்டா என்ற குடும்ப ஸ்திரீ, வெள்ளையரையும் கறுப்பரையும் ஒன்று சேர்த்து, "எங்கள் பணத்தை வாங்கும் பாங்கு எங்கள் தெருவுக்கு எவ்வளவு கொடுத்தது, கணக்கைக் காட்டு" என்ற கிளர்ச்சியில் முன்னின்றார். 1975-இல் எந்த வட்டாரத்திற்கு எவ்வளவு கடன் என்பதைப் பாங்குகள் வெளியிட வேண்டுமென்று சட்டமாயிற்று. 1977-இல், பணம் திரட்டும் வட்டாரம் முழுவதற்கும் கடன் வசதி செய்வது பாங்கின் கடமை என்று சட்டமாயிற்று. 1989-இல், விண்ணப்பக்காரர் என்ன இனம் என்பதையும் சேர்த்துக் கணக்குக் கொடுக்க வேண்டுமென்றாயிற்று.

கணக்கு வெளிவந்த பிறகுதான் திருட்டு அகப்பட்டது. கண்ட்ரிவைடு என்ற கடன் கம்பெனி, கறுப்பரும் ஸ்பானிய வம்சத்தாருமான 2 லட்சத்திற்கு மேற்பட்டவர்களிடம் அதே தகுதியுள்ள வெள்ளையரிடம் வாங்கியதைவிட அதிகமாகக் கறந்ததாக சர்க்கார் வழக்கிட்டது. 2011-இல் அது 33½ கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. முன்பு கடன் இல்லை என்றார்கள். பிறகு கடன் உண்டு, கொள்ளை வட்டிக்கு என்றார்கள்!

இன்றும் அங்கு வெள்ளைக் குடும்பங்களில் நூற்றுக்கு 70-க்கு மேல் சொந்த வீட்டில் இருக்க, கறுப்புக் குடும்பங்களில் பாதிகூட அப்படியில்லை. தகப்பன் வாங்க முடியாத வீடு மகனுக்கு எப்படி வரும்?

ஆகவே தோழர்களே! அநீதி சாஸ்திரம் பேசினால் நாம் கேள்வி கேட்கிறோம். அது கணக்குப் பேசினாலும் அப்படியே கேட்க வேண்டும். சட்டம் வந்துவிட்டது என்று தூங்கிவிடாமல், "ஏட்டைத் திற, யாருக்கு எவ்வளவு?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்கிறவனுக்கே அந்தச் சட்டம் பயன்படும்.