தரங்கம்பாடியும் அக்ராவும்: டென்மார்க் தமிழர் எழுதவேண்டிய பயணக் குறிப்புகள்

(டென்மார்க் வாழ் தமிழ் இளையோருக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



ஆபிரிக்க நாடொன்றுக்குப் பயணம் செய்து, கண்டதைத் தமிழில் எழுத விரும்பும் டென்மார்க்கு இளையோர் எந்த நாட்டிலிருந்து தொடங்கலாம்? எதை எழுதலாம்? இவ்வுரை இவ்விரு கேள்விகளையும் பற்றியது. முதற்கேள்விக்கான விடை, மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானா. அதற்கான காரணம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருக்கிறது.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் தரங்கம்பாடியில் டேனியர் டேன்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினர். 1661இல் இன்றைய கானாவின் தலைநகரான அக்ராவின் ஓசுப் பகுதியில் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை நிறுவினர். தரங்கம்பாடி 1845இலும் கானாக் கரையிலிருந்த கோட்டைகள் 1850இலும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. ஒரே அரசின் கொடி இரு கரைகளிலும் பறந்தது. ஐந்தாண்டு இடைவெளியில் இரு கரைகளும் ஒரே கைக்கு விலைபோயின.

கொடி மட்டுமன்று, துணியும் இக்கரைகளை இணைத்தது. இந்தியப் பருத்தித் துணிகள் கொப்பன்ஹேகன் வழியாகக் கினியாக் கரைக்குச் சென்ற சரக்குகளுள் முக்கியமானவை. அங்கே அவை மனிதரை வாங்கும் விலையாயின. டேனியக் கப்பல்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்து ஏற்றிச்சென்ற ஆபிரிக்கர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். 1792இல் டென்மார்க் இவ்வணிகத்தைத் தடைசெய்யும் ஆணையைப் பிறப்பித்தது. அது நடைமுறைக்கு வந்தது 1803இல். நெய்தவருக்குத் தம் துணி எதற்கு விலையாகிறது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்தம் மொழியைப் பேசுவோர் இன்றும் அதை அறியாதிருப்பதற்கு நியாயம் இல்லை.

கானாவைப் பற்றி இதுவரை எழுதியவர் யாவர்? டேனியர் சேவையில் மருத்துவராக 1783இல் அங்கு சென்ற பவுல் ஏர்ட்மன் இசர்ட் தம் பயணத்தைக் கடித வடிவில் எழுதி, 1788இல் கொப்பன்ஹேகனில் நூலாக வெளியிட்டார். அவர் ஊர் திரும்ப ஏறியது ஓர் அடிமைக் கப்பல். அதில் மூண்ட கிளர்ச்சியில் அவரும் காயமுற்றார். ஆபிரிக்கரை நாடுகடத்தாமல் அவர்தம் மண்ணிலேயே பயிர்த்தொழில் செய்விக்கலாம் என்ற எண்ணத்துடன் மீண்டும் சென்றவர், 1789இல் அங்கேயே மாண்டார். பின்னர் தோர்கில் ஹான்சன் என்ற டேனிய எழுத்தாளர், 1967 முதல் 1970 வரை அடிமைகளின் கரை, கப்பல்கள், தீவுகள் பற்றி மூன்று நூல்களை எழுதினார். அவற்றுக்கு 1971இல் நோர்டிக் மன்றத்தின் இலக்கியப் பரிசு கிடைத்தது. டேனியர் தாம் மறந்திருந்த வரலாற்றை எதிர்கொள்ள அந்நூல்கள் வழிவகுத்தன.

எழுத்தின் ஆற்றலைக் காட்டும் சான்று இன்னொன்று உண்டு. 1768 டிசம்பர் 1இல் 'பிரெடென்ஸ்போர்க்' என்ற டேனிய அடிமைக் கப்பல் நோர்வேயின் தென்கரையில் மூழ்கியது. அதன் பயணப் பதிவேடுகள் அழியவில்லை. 1974இல் முக்குளிப்போர் அக்கப்பலின் சிதைவைக் கண்டறிய அவை துணைநின்றன. அன்றன்று எழுதப்பட்ட குறிப்பு இருநூறு ஆண்டுகள் கடந்தும் பயன்தந்தது. ஆயினும் அத்தகைய ஏடுகளில் கப்பலோட்டிகளுக்குப் பெயர் உண்டு. விற்கப்பட்டவர்களுக்கு எண் மட்டுமே உண்டு. 1980களில் அகதிகளாக இந்நாட்டுக்கு வந்து, கோப்புகளில் இலக்கங்களாக இருந்த தமிழருக்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை.

ஆகவே, எதை எழுதுவது என்ற இரண்டாம் கேள்விக்கு விடை: மனிதரைப் பெயருடன் எழுதுங்கள்.

டென்மார்க்கில் ஆபிரிக்கா என்றதும் நினைவுக்கு வருபவர் காரன் பிளிக்சன். 1914 முதல் 1931 வரை கென்யாவில் வாழ்ந்த அவர், 1937இல் வெளியிட்ட நூலால் உலகப்புகழ் பெற்றார். அழகிய நடையில் அமைந்த அந்நூலைக் கடுமையாகக் கண்டித்தவர் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ. பண்ணையில் உழைத்தோர் அங்கே முதலாளியின் கண்வழியாக மட்டுமே தெரிகின்றனர் என்பது அந்நூல்மேல் உள்ள குறை. அழகாக எழுதுவது மட்டும் போதாது என்பதற்கு இதுவே பாடம்.

தமிழில் இதற்கு மாறான முன்மாதிரி உண்டு. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காகத் தென்னாப்பிரிக்கா உட்படப் பல நாடுகளுக்கும் அலைந்த ஏ.கே. செட்டியார், தம்மை முன்னிறுத்தாமல், எளிய சிறு வாக்கியங்களில், சந்தித்த மனிதரை எழுதினார். புதிதாக எழுதுவோர் அவரிடமிருந்து தொடங்கலாம்.

செயன்முறையாகச் சில சொல்லலாம். புறப்படுமுன் ஆவணங்களைப் படியுங்கள். மேற்கிந்தியத் தீவுகள் பற்றிய ஏறத்தாழ 50 இலட்சம் பக்கங்களை டேனிய தேசிய ஆவணக் காப்பகம் 2017இல் மின்வடிவில் திறந்துவிட்டது. டேனிய மொழியில் பள்ளிக்கல்வி கற்ற தமிழ் இளையோருக்கு அக்கதவு திறந்தே இருக்கிறது. கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. முதன்முறை ஊசி போடுவோருக்கு அது 10 நாள்கள் கழித்தே செல்லுபடியாகும்; ஆகவே காலத்தோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கு சென்றபின், அன்றைய குறிப்பை அன்றிரவே எழுதுங்கள். கண்டது எது, கேட்டது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுதுங்கள். ஒருவரின் பெயரையும் படத்தையும் வெளியிடுமுன் அவரது இசைவைப் பெறுங்கள். ஓசுவில் ரிக்டர், லுட்டெரொட் போன்ற குடும்பப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அவை எவ்வாறு வந்தன என்பதை அக்குடும்பத்தாரே சொல்லக் கேளுங்கள். தெஷி என்னும் ஊரில் மீன், விமானம் முதலிய வடிவங்களில் சவப்பெட்டி செய்யும் தச்சர்கள் உள்ளனர். வேடிக்கை என்று படமெடுத்துத் திரும்புவோர் பலர். இறந்தவரின் தொழிலும் வாழ்வும் அவ்வடிவத்தில் எவ்வாறு வெளிப்படுகின்றன என்று தச்சரிடம் கேட்டு எழுதுபவரே பயண எழுத்தாளர். கோட்டையோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். கானா 1957இல் விடுதலை பெற்ற நாடு. சந்தையும் பள்ளியும் மீன்பிடித் துறையும் அதன் இன்றைய வாழ்வு.

ஊர் திரும்பியதும், எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டுங்கள். அவர் திருத்தினால் திருத்துங்கள். முன்பு கப்பல் ஏடுகள் எவரிடமும் இவ்வாறு கேட்டதில்லை.

தரங்கம்பாடியின் மொழியையும் கொப்பன்ஹேகனின் மொழியையும் ஒருசேர அறிந்த தலைமுறை இந்நாட்டில் வளர்ந்து நிற்கிறது. அக்ராவில் அது கேட்கும் கதைகள் தமிழில் ஏறட்டும்.