உள்ளே இருப்பவர் நீட்டும் கை



கணினித்தொழில் ஸ்தாபனங்களில் பலதரப்பட்ட மக்களும் இடம்பெற வேண்டுவது ஏன் என்று இந்தத் திருவொற்றியூர்ச் சபையில் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். பாவம் பார்த்து நாலு பேருக்கு உத்தியோகம் தருகிற விஷயம் இது என்ற அபிப்பிராயம் படித்தவர்களிடையேகூட நிலவுவதால், கருணையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், காரியம் எப்படிக் கெடுகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

காசிமேட்டில் விடியுமுன்னே ஐஸிலும் உப்புநீரிலும் கைவிட்டு, இறால் உரித்தும் மீன் ஆய்ந்தும் வருஷக்கணக்கில் விரல் தேய்ந்துபோன தாய்மார்கள், ரேஷன் கடையில் ரேகைக் கருவியின் முன் நின்று, ஒரு விரலை மாற்றி மறுவிரல் வைத்து, சேலைத் தலைப்பில் துடைத்து மீண்டும் வைத்து, 'விழலைம்மா, அப்புறம் வா' என்ற பதிலோடு திரும்புவதைக் காணாதவர் இந்தச் சபையில் உண்டா? உழைக்கிற கையில் ரேகை தேயும் என்பது அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருவிக்குத் திட்டம் வகுத்த அறையில் அப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால், முதல் நாளே கேள்வி எழுந்திருக்கும் என்று நம்புகிறேன். அமெரிக்காவில் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண்மணிகள், முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைப் பரீட்சித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள்: வெளுத்த ஆடவர் விஷயத்தில் 100-க்கு ஒன்றுகூடத் தவறாத அவை, கறுத்த பெண்கள் விஷயத்தில் மிகுந்து தவறின; அவற்றுள் சில 100-க்கு 34-க்கு மேலும் தவறின. யந்திரத்துக்குப் பட்சபாதம் ஏது? அதற்குப் பாடம் கற்பித்த முகங்களில் நம் முகம் குறைவு, அவ்வளவுதான்.

இல்லாத முகம் உள்ளே சேர்வது எப்படி என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1940-இல் சேர்ந்த லலிதா, பதினெட்டு வயதில் கணவனை இழந்து கைக்குழந்தையோடு நின்றவர். தகப்பனார் பப்பு சுப்பாராவ் அதே கல்லூரிப் பேராசிரியர். முதல்வர் சாக்கோவிடம் அவர் பேசியதால் மகளுக்கு இடம் கிடைத்தது. உள்ளே ஆள் இருந்ததால் திறந்த கதவு என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஆடவர் நிறைந்த கல்லூரியில் மகள் ஒற்றையாய் இருப்பது தகாதென்று கண்ட அவர், மற்றப் பெண்களும் சேரலாம் என்று பத்திரிகை விளம்பரத்துக்கு ஏற்பாடு செய்தார். திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் வந்து சேர்ந்தார்கள். லலிதா பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணையின் மின்பணியில் பங்கேற்றார்; திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். தம் மகளுக்குக் கொடுத்த கையை ஊரார் மகளுக்கும் நீட்டினாரே, அதுதான் அவரிடம் எனக்கு விசேஷமாகப் படுகிறது.

சட்டமே கதவை மூடியதும் உண்டு. 1948-இல் பிறந்த தொழிற்சாலைச் சட்டம், இரவுவேளையில் பெண்களை ஆலைக்கு வெளியே நிறுத்தியது. சென்னை உயர்நீதிமன்றம் அவ்விதியை ரத்து செய்ய 2000 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்றைய தடையோ சட்டப் புத்தகத்தில் இல்லை. தரமணியிலும் சிறுசேரியிலும் உள்ள கணினி ஸ்தாபனங்களில் இடம் காலியானால், உள்ளே இருப்பவர் தமக்குத் தெரிந்தவரைச் சிபாரிசு செய்கிறார். அவர்கள் வழக்கில் அது ரெஃபரல். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை, தெரிந்தவரைத்தானே தெரியும்! ஆனால் தெரிந்தவர் என்பவர் ஒரே கல்லூரி, ஒரே பேட்டை, ஒரே ஜாதி என்று ஆகிவிடுகிறபோது, ராயபுரத்தில் தன் குடும்பத்திலேயே முதன்முதல் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அங்கே தெரிந்தவர் யார்? அவள் வாய் திறந்ததும் வடசென்னைப் பேச்சைக் கேட்டு முகம் சுளிப்பவரும் உண்டு. 'இன்னா' என்று கேட்கிறவளுக்குப் புரோகிராம் எழுத வராதென்று எந்த சாஸ்திரம் சொல்கிறதோ, நானறியேன்.

ஆகையால் என் வேண்டுகோள் முதலில் நம்மவர்க்கே. இந்தப் பகுதியில் பிறந்து அந்த அலுவலகங்களில் அமர்ந்துவிட்டவர்கள், தம் உறவும் ஜாதியுமல்லாத ஒருவருக்கு ஆண்டுக்கொரு ரெஃபரலாவது கொடுக்க வேண்டும். 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடுகிறபடியால், ஸ்தாபனத்தார் தங்கள் நேர்முகத் தேர்வை வருஷத்தில் ஒருநாள் திருவொற்றியூரிலேயே நடத்தும்படி கேட்டு ஒரு தீர்மானமும் எழுதி வந்திருக்கிறேன். தலைவர் அவர்கள் அனுமதித்தால், இப்போதே வாசித்துச் சபையின் வாக்குக்கு விடுகிறேன்.